பாத்ரூம் குழாய் மாற்றப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே குழாய் என்று சொல்வது பெரும்பாலும் வாஷ்பேசின் மேல் நிற்கிற குழாயைத்தான். சுவரில் வைக்கும் குழாய், சென்சார் குழாய் பற்றியும் நடுவில் வரும். ஷவர் தனிக்கதை, அதைத் தொடவில்லை.

எது நல்ல குழாய்? ஒரே வரியில் சொல்லுங்களேன்.

பித்தளை உடம்பு, செராமிக் கார்ட்ரிட்ஜ் (தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகம்), குரோம் பூச்சு, அப்புறம் உங்கள் பேசினுக்கும் உங்கள் வீட்டுத் தண்ணீர் வேகத்துக்கும் பொருந்துகிற அளவு. இதில் கடைசியாகச் சொன்னதுதான் முதலில் பார்க்க வேண்டியது, ஆனால் பணம் கட்டும்போதுகூட அதைப் பலர் யோசிப்பதில்லை. கடை வெளிச்சத்தில் வரிசையாக மாட்டி வைத்திருக்கும்போது எல்லாக் குழாயும் அழகாகத்தான் தெரியும். வீட்டில் பொருத்திய பிறகுதான் தண்ணீர் பேசின் விளிம்பில் விழுந்து சட்டையை நனைப்பதும், கைப்பிடி பின்னால் இருக்கும் கண்ணாடியில் இடிப்பதும், நூலாக மட்டும் தண்ணீர் வருவதும் தெரியவரும். இந்த மூன்றில் எதற்கும் குழாய் மட்டமானது என்று அர்த்தமில்லை, அந்த இடத்துக்கு அது சரியில்லை, அவ்வளவுதான்.

கடைக்குக் கிளம்பும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

முதலில் பேசினுக்கு அடியில் குனிந்து, டார்ச் அடித்து, எத்தனை ஓட்டை இருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஏமாறலாம், ஏனென்றால் சில குழாய்களின் அடித்தட்டு பக்கத்து ஓட்டைகளை மூடிக்கொண்டிருக்கும். ஒரே ஓட்டை என்றால் அது பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் விட்டத்தை ஒட்டி இருக்கும், சிங்கிள் லீவர், அதாவது ஒரே கைப்பிடியுள்ள குழாய்கள் இதற்குத்தான் செய்யப்படுகின்றன. மூன்று ஓட்டை என்றால் ஓரத்து ஓட்டைகள் இரண்டின் மையத்துக்கும் மையத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். 4 அங்குலம் என்றால் எல்லாம் ஒரே தட்டில் சேர்ந்து வரும் குழாய், 8 அங்குலம் அல்லது அதை ஒட்டி என்றால் தண்ணீர் கொட்டும் மூக்கு தனி, கைப்பிடிகள் தனித்தனி என்று மூன்று துண்டாக வரும் குழாய். மூன்று ஓட்டை பேசினில் ஒற்றைக் குழாய் வைக்க முடியும், ஓட்டைகளை மறைக்கத் தட்டு கிடைக்கும். ஆனால் ஒற்றை ஓட்டை பேசினில் மூன்று துண்டுக் குழாய் வைக்க வேண்டுமென்றால் பீங்கானில் துளை போட வேண்டும். அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

அடுத்தது, குழாய் நிற்கும் இடத்திலிருந்து பின்சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. மேலே கைப்பிடி வைத்த சிங்கிள் லீவர் குழாய்கள் சிலவற்றில் கைப்பிடி பின்பக்கமாகவும் சாயும், அதற்கு இடம் இல்லையென்றால் தண்ணீரை முழுசாகத் திறக்கவே முடியாது. இடம் குறைவாக இருந்தால் பக்கவாட்டில் கைப்பிடி உள்ள மாடலாகப் பாருங்கள்.

கடைசியாக, ஆங்கிள் காக்கிலிருந்து (பேசினுக்கு அடியில் சுவரில் இருக்கும் சின்ன வால்வு) குழாயின் அடி வரை எவ்வளவு உயரம் என்று ஒரு அளவு. குழாயோடு வரும் கனெக்‌ஷன் பைப் சில நேரம் நாலு விரல் குறைவாக இருக்கும், பிளம்பர் வந்து நின்ற பிறகு அதற்காகக் கடைக்கு ஓடுவது பெரிய தொல்லை. எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், கடைக்காரரிடம் கையால் சைகை காட்டி விளக்குவதைவிட அது மேல்.

மூக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

தண்ணீர் எங்கே விழுகிறது என்பதை வைத்து யோசியுங்கள். பேசினின் வடிகால் ஓட்டைக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால் விழுந்தால் நல்லது. பின்பக்கச் சரிவில் விழுந்தால் கை கழுவும்போது விரல் பீங்கானில் இடிக்கும், முன்பக்கச் சரிவில் விழுந்தால் உங்கள் மேலேயே தெறிக்கும். ஓட்டையை மூடும் உலோக மூடி குமிழ் மாதிரி எழும்பி நிற்கிற வகை என்றால் அதன் தலையிலேயே விழுந்தாலும் தெறிக்கும்.

உயரத்தைப் பொறுத்தவரை, மூக்கின் வாய்க்கும் பேசின் விளிம்புக்கும் நடுவே 10 முதல் 15 சென்டிமீட்டர் இருந்தால் கையைச் சௌகரியமாக நுழைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 2.5 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, பேசின் நிரம்பி அழுக்குத் தண்ணீர் குழாய் வாயைத் தொட்டால் அது பைப்புக்குள் இழுக்கப்பட வாய்ப்பிருக்கிறது. மேடை மேல் கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும் பேசின் என்றால் சாதாரணக் குழாய் எட்டவே எட்டாது, உயரமான உடம்பு உள்ளதோ சுவரிலிருந்து வருவதோதான் வேண்டும். பேசினின் உயரத்தையும் சேர்த்து அளந்துவிட்டுப் போங்கள். ஆனால் உயரம் கூடக்கூடத் தண்ணீர் விழும் வேகமும் கூடும், தெறிப்பும் கூடும். சின்ன, ஆழமில்லாத பேசினுக்கு வளைந்த உயரக் குழாய் வைப்பது படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், பிறகு தினமும் தரை துடைக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் தண்ணீர் வேகம் கம்மி. எந்தக் குழாய் போட்டாலும் வேகமாக வருமா?

வராது. குழாய் வேகத்தை உண்டாக்காது, இருக்கிற வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். கணக்கு எளிது: மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டம் குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் தளத்தில் பாத்ரூம் இருந்தால் நிலைமை இதுதான். சிங்கிள் லீவர் மிக்ஸர்களில் (வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) பல மாடல்கள் 0.5 பார், 1 பார் என்று ஒரு குறைந்தபட்ச அழுத்தத்தைக் கேட்கும், அட்டைப் பெட்டியிலோ உள்ளே வைத்திருக்கும் தாளிலோ அது போட்டிருக்கும். விற்பவர்கள் தாமாக இதைச் சொல்வது குறைவு, நீங்களே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க ஒரு லிட்டர் பாட்டில் போதும். இப்போதுள்ள குழாயின் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு முழுசாகத் திறந்து பாட்டிலைப் பிடியுங்கள். 10 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர், பேசினுக்கு அது தாராளம். 20 விநாடிக்கு மேல் ஆனால் மெல்லிய கனெக்‌ஷன் பைப்பும் சின்ன கார்ட்ரிட்ஜும் உள்ள நவநாகரிக மாடல்களை ஒதுக்கிவிட்டு, குறைந்த அழுத்தத்துக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அல்லது வெந்நீர் தேவையில்லாத பேசின் என்றால் பச்சைத்தண்ணீர் மட்டும் வரும் சாதாரணப் பில்லர் காக் போதும். அதற்கு முன்னால் ஆங்கிள் காக் பாதி மூடிக் கிடக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இது நிறைய நடக்கிறது.

பித்தளை என்று சொல்லித் தருகிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது, 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் சரியாக ஒட்டாது. இரும்பு இல்லை என்பது மட்டும் தெரியும்.

கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு எட்டரை கிராம் போல, துத்தநாகக் கலவைக்கு ஆறரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஒரே அளவுள்ள இரண்டு குழாயை இரண்டு கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். என்றாலும் சுவரைத் தடிமனாக வார்த்து எடையைக் கூட்டலாம் என்பதால் எடையை மட்டும் நம்ப முடியாது. அதைவிட நல்ல வழி, குழாயைத் தலைகீழாகத் திருப்பி, பூச்சு எட்டாத அடிப்பகுதியையும் மரை வெட்டிய இடங்களையும் உற்றுப் பார்ப்பது. மஞ்சள் தெரிந்தால் பித்தளை, மங்கிய சாம்பல் நிறம் என்றால் துத்தநாகமாக இருக்கலாம். கைப்பிடி மட்டும் துத்தநாகம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதற்குள் தண்ணீர் ஓடுவதில்லை. தண்ணீர் ஓடும் உடம்பு துத்தநாகம் என்றால், பூச்சு ஓரிடத்தில் விட்டதும் அரிப்பு உள்ளே வேகமாகப் போகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளாஸ்டிக் எல்லாம் எப்படி?

ஸ்டீல் நன்றாகவே உழைக்கும். பூச்சே இல்லாமல் தேய்த்து மெருகேற்றி விடுவதால் உரிய ஒன்றும் இல்லை. கடற்காற்று அடிக்கும் இடம் என்றால் 304-ஐவிட 316 தாங்கும். நல்ல பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது, உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் மரை சீக்கிரம் தேயும், இறுக்கும்போது கொஞ்சம் பலம் கூடினால் விரிசல் விடும். வெந்நீர் வரும் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

பித்தளையில் ஈயம் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கலாம். கடைசல் எளிதாக இருக்க வேண்டும் என்று பித்தளையில் கொஞ்சம் ஈயம் கலப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர் படும் குழாய்களில் நனையும் பகுதிகளுக்கு சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. பாத்ரூம்தானே என்று விட்டுவிட வேண்டாம், வாய் கொப்பளிப்பது அங்கேதான், குழந்தைகள் பல் தேய்க்கும்போது கொஞ்சம் விழுங்கவும் செய்வார்கள். ஈயமற்றது என்று சான்று பெற்றதாக வாங்குங்கள். பழைய குழாய் என்றால் ராத்திரி முழுக்க உள்ளே நின்ற தண்ணீரைக் காலையில் கொஞ்சம் ஓடவிட்டுப் பிறகு வாயில் வையுங்கள்.

கார்ட்ரிட்ஜ் என்றால் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

தண்ணீரைத் திறந்து மூடும் வேலையைச் செய்வது அதுதான். பழைய திருகுக் குழாயில் ஸ்பிண்டிலின் நுனியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், அதை அழுத்தி அழுத்தித் தண்ணீரை நிறுத்துவோம். வாஷர் நசுங்கி நசுங்கித் தேய்ந்து ஒருநாள் சொட்ட ஆரம்பிக்கும். செராமிக் கார்ட்ரிட்ஜில் கண்ணாடி போல வழவழப்பாகத் தேய்த்த இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகின்றன. துளைகள் நேராக வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நின்றுவிடும். அழுத்தம் கொடுத்து மூட வேண்டியதே இல்லை. வட அமெரிக்கத் தர விதிகளில் 5 லட்சம் தடவை திறந்து மூடும் சோதனை உண்டு. ஒரு நாளைக்கு 40 தடவை என்று வைத்தால் அது முப்பது வருடத்தைத் தாண்டும்.

சரி, பிறகு ஏன் இரண்டே வருடத்தில் சொட்டுகிறது? மணலும் பைப் வெட்டிய தூளும்தான் காரணம். வில்லைகளுக்கு நடுவில் ஒரு துகள் சிக்கிக் கீறிவிட்டால் அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் கசியும், எவ்வளவு அழுத்தி மூடினாலும் நிற்காது. அழுத்தினால் கைப்பிடிதான் உடையும். கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். இங்கேதான் மாட்டிக்கொள்வோம். 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று பொதுவான அளவுகள் இருந்தாலும் உயரமும் அடிக்கால்களின் அமைப்பும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் குழாய் வாங்கும்போதே, “இதற்குக் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த மாடலைப் பாருங்கள். சொட்டினால் என்ன, நாலு சொட்டுதானே என்பவர்களுக்கு: விநாடிக்கு ஒரு சொட்டு, நாலு சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 21 லிட்டர் போகிறது.

ஒரே கைப்பிடியா, இரண்டு கைப்பிடியா?

ஒன்று. சோப்புக் கையோடு முழங்கையால்கூடத் தள்ளலாம், வேண்டிய சூட்டுக்கு ஒரே அசைவில் வரலாம். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான அல்ஃப்ரெட் மோயன் 1937-இல் மாணவராக இருந்தபோது, இரண்டு கைப்பிடிக் குழாயில் திடீரென்று வந்த கொதிநீரில் கை சுட்டுக்கொண்டுதான் இந்த யோசனைக்கே வந்தார். இரண்டு கைப்பிடி வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் தோற்றத்துக்காகக் கேட்கிறார்கள், அதிலும் தவறில்லை, கால் சுற்றில் திறக்கும் செராமிக் வகையாக வாங்கினால் போதும்.

சிங்கிள் லீவரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கைப்பிடி நடுவில் இருக்கும்போது பாதி வெந்நீரும் பாதிப் பச்சைத்தண்ணீருமாகக் கலந்து வரும், நாம் ஐந்து விநாடி கை கழுவுவதற்குள் கீசரிலிருந்து வெந்நீர் கிளம்பி, குழாய்க்கு வந்து சேராமல் பைப்பிலேயே ஆறிப்போகும். நடுவில் வைத்தால் பச்சைத்தண்ணீர் மட்டும் வந்து, இடப்பக்கம் திருப்பினால்தான் வெந்நீர் கலக்கிற கார்ட்ரிட்ஜ்களும் இருக்கின்றன. கிடைத்தால் அதையே எடுங்கள்.

வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் வேறு வேறு வேகத்தில் வருகின்றன. மிக்ஸர் போடலாமா?

போடலாம், ஆனால் வேகமான பக்கம் மற்றதைத் தள்ளிவிடும். ஒன்று பம்ப் அழுத்தத்திலும் இன்னொன்று தொட்டியிலிருந்து சும்மாவும் வந்தால் கலவை சரியாக வராது, சில நேரம் ஒரு பக்கத் தண்ணீர் இன்னொரு பக்கத்துப் பைப்புக்குள் ஏறிவிடும். இரண்டு பக்கமும் எதிர்த்திசையில் போகவிடாத வால்வு வைக்கச் சொல்லுங்கள். தொட்டி இல்லாத உடனடி ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அவை வேலை செய்ய நிமிடத்துக்கு 2, 3 லிட்டராவது ஓட வேண்டும், குழாய் வாயில் ரொம்பச் சிக்கனமான ஏரேட்டர் சல்லடை போட்டால் ஹீட்டர் ஆன் ஆகாமலே போகும்.

ஏரேட்டர் உண்மையிலேயே தண்ணீரை மிச்சம் பிடிக்குமா?

பிடிக்கும். குழாய் வாயில் இருக்கும் அந்தச் சின்னச் சல்லடை காற்றைக் கலந்து, தண்ணீரை மெத்தென்று, தெறிக்காமல் தருகிறது. நிமிடத்துக்கு 4 முதல் 6 லிட்டர் கை கழுவத் தாராளமாகப் போதும். ஏரேட்டர் மேலேயே லிட்டர் கணக்கு பொறித்திருப்பார்கள், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது, போனில் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீர் வேகம் ஏற்கெனவே கம்மி என்றால் ஏரேட்டர் அதை இன்னும் பிடித்து வைக்கும், அங்கே சாதாரணச் சல்லடை போதும்.

கறுப்பு வாங்கலாமா, தங்க நிறம் வாங்கலாமா, குரோமா?

உங்கள் தண்ணீரைக் கேளுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் மேட் கறுப்பு வாங்காதீர்கள். ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும், அதைத் தேய்க்கத் தேய்க்கப் பூச்சு பளபளப்பாகித் திட்டுத் திட்டாகத் தெரியும். ஷோரூமில் தண்ணீரே ஓடாமல் நிற்கும் கறுப்புக் குழாயைப் பார்த்து மயங்க வேண்டாம். பளபள குரோமிலும் கறை விழும், ஆனால் ஒரு துணியால் துடைத்தால் போய்விடும். இழை இழையாகத் தேய்த்த பிரஷ்டு நிக்கல் இரண்டுக்கும் நடுவில், கைரேகையும் உப்பும் அவ்வளவாகத் தெரியாது.

பூச்சு எப்படிப் போட்டது என்பது நிறத்தைவிட முக்கியம். குரோம் என்றால் அடியில் நிக்கல் அடுக்கு, மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். கீழே இருக்கும் நிக்கல் நன்றாக இருந்தால்தான் மேலே நிற்கும். தங்கம், வெண்கலம் மாதிரி நிறங்களில் பிவிடி என்று எழுதியிருந்தால் வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைத்த கடினமான பூச்சு, அது நீடிக்கும். வார்னிஷ் மாதிரி வெறும் லாக்கர் அடித்தது என்றால் பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு தடவை பட்டாலே போச்சு. இன்னொன்று, குரோம் எந்தக் கம்பெனியும் எந்தக் கம்பெனியோடும் சேரும், மற்ற நிறங்கள் சேராது. குழாய், டவல் கம்பி, ஷவர் எல்லாம் ஒரே நிறத்தில் வேண்டுமென்றால் ஒரே கம்பெனியில் ஒரே சமயத்தில் வாங்கிவிடுங்கள்.

சுவருக்குள் மறைத்து வைக்கும் குழாய் எப்படி?

பார்க்க அருமை, மேடை துடைப்பது சுலபம். ஆனால் டைல்ஸ் ஒட்டும் முன்பே மாடலை முடிவு செய்ய வேண்டும், உள்ளே வைக்கும் உடம்பு எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை உட்காரலாம் என்று ஒரு அளவு இருக்கும், டைல்ஸின் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மூடும் முன் தண்ணீரை அழுத்தத்தில் விட்டுக் கசிவு பார்த்தே ஆக வேண்டும். உதிரிபாகம் எப்போதும் கிடைக்கும் என்று நம்பிக்கை இல்லாத கம்பெனியை இங்கே மட்டும் தொடவே தொடாதீர்கள், நாளைக்குக் கோளாறு என்றால் உடைபடுவது உங்கள் சுவர்.

வீட்டுக்கு சென்சார் குழாய் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. மூட்டு வலியால் கைப்பிடியைத் திருப்ப முடியாதவர்கள் இருந்தால் வைக்கலாம். பேட்டரி மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் சின்ன வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பளபளப்பான பேசினில் அகச்சிவப்புக் கதிர் பட்டுத் திரும்பி ஆளே இல்லாமல் தண்ணீர் கொட்டுவதும் உண்டு. வாங்கினால் பேட்டரி போன நேரத்தில் கையால் திறக்க வழி உள்ளதாக வாங்குங்கள்.

ஆன்லைனில் வெளிநாட்டுக் குழாய் ஒன்று பிடித்திருக்கிறது. வாங்கலாமா?

மரையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அரை அங்குல மரையில் பிஎஸ்பி (பிரிட்டிஷ் முறை), என்பிடி (அமெரிக்க முறை) என்று இரண்டு வகை உண்டு. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான், அதனால் முதல் சில சுற்று சமர்த்தாக ஏறும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை, கடைசியில் இறுகாமல் கசியும். ஸ்கேல் வைத்து அளந்தால் அரை அங்குல மரை கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் வரும், அளவு தப்பு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வேஸ்ட் கப்ளிங் (பேசினின் வடிகால் ஓட்டையில் மாட்டும் துண்டு) குழாயோடு வருமா?

சிலதில் வரும், பலதில் வராது. தனியாக வாங்கினால் பேசினில் நிரம்பி வழியும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கவாட்டில் கீற்று விட்ட கப்ளிங், இல்லையென்றால் கீற்று இல்லாதது.

நானே மாட்டலாமா?

பேசின் மேல் நிற்கும் குழாய் என்றால், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த யாரும் மாட்டலாம். ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். புதுக் குழாயை பேசினில் உட்கார வைக்கும் முன்பே கனெக்‌ஷன் பைப்பை அதன் அடியில் மாட்டிவிடுங்கள், பிறகு அந்த இடுக்கில் கை போகாது. அந்த முனையில் ஓ-ரிங் இருக்கும், கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டால் ரிங் வெட்டுப்பட்டு அன்றைக்கே கசியும். கீழ் முனையில் ரப்பர் வாஷர், அதற்கும் டெஃப்லான் டேப் வேண்டாம். கையால் இறுக்கி, அப்புறம் ஸ்பானரால் கால் சுற்று. சுவரில் ஆங்கிள் காக் ஏறும் மரைக்குத்தான் டேப், மரையின் முனையை உங்கள் பக்கம் பார்த்துப் பிடித்துக் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள், எதிராகச் சுற்றினால் ஏற்றும்போதே அவிழ்ந்துவரும். இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத்தண்ணீர் என்பது பொதுவான வழக்கம்.

எல்லாம் முடிந்ததும் ஏரேட்டரைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறங்கள். புது வீடாகவோ, பைப் வேலை நடந்த வீடாகவோ இருந்தால் அதற்கும் முன்னால், குழாயை மாட்டாமல் ஆங்கிள் காக்கிலிருந்தே வாளியில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். மேலே சொன்ன மணலும் தூளும் அந்த முதல் வாளியில்தான் வரும்.

வாரண்டி பத்து வருடம் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

எதற்கு வாரண்டி என்று படியுங்கள். உடம்பும் கார்ட்ரிட்ஜும் ஒரு கணக்கு, பூச்சு இன்னொரு கணக்கு. உப்புப் படிவு, ஆசிட் பட்டது, கீறல் போன்றவற்றைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். பில்லை போட்டோ எடுத்து வையுங்கள், அச்சு மங்கிவிடும்.

எப்படித் துடைப்பது?

ஈரத்துணி, சாதாரண சோப்பு, பிறகு காய்ந்த துணி. ஆசிட், பிளீச், கம்பி நார் எதுவும் வேண்டாம். ஏரேட்டரில் உப்புப் பிடித்தால் அதை மட்டும் கழற்றி வினிகரில் அரை மணி நேரம் ஊறவிட்டுப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். குழாயோடு சேர்த்து வினிகர்த் துணியைச் சுற்றி ராத்திரி முழுக்க விடும் வேலை வேண்டாம், பூச்சு போகும்.

புதுக் குழாய், மூடின பிறகும் சொட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட வேண்டாம். வளைந்த உயரமான மூக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கும், மூடிய பிறகு அது சில சொட்டாக வடியும். கொஞ்ச நேரம் பொறுத்து, வாயை டிஷ்யூவால் நன்றாகத் துடைத்துவிட்டு, அரை மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஒன்றுமில்லை. திரும்பவும் ஈரம் என்றால் கார்ட்ரிட்ஜில் தூசி சிக்கியிருக்கிறது அல்லது கீறல் விழுந்திருக்கிறது. கைப்பிடியை முழுசாகத் திறந்து இரண்டு பக்கமும் சில தடவை ஆட்டிவிட்டால் சில நேரம் துகள் வெளியே வந்துவிடும். அதற்கும் நிற்கவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு வாரண்டிக்குப் போன் போடுங்கள்.